மகளின் கணக்கில் அம்மாவின் கடவுச்சொல்: விண்டோஸில் நிர்வாகி வேலைகள் சிக்கும்போது

வீட்டுக் கணினியில் எல்லோருக்கும் சாதாரணக் கணக்கு. நிர்வாகிக் கணக்கு மட்டும் தனியாக, நல்ல கடவுச்சொல்லோடு. இந்த ஏற்பாட்டைப் பல ஆண்டுகளாக விடாமல் பின்பற்றுகிறேன், கேட்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன். ஆனால் முதல் வாரத்திலேயே புகார்கள் வரும். போட்டுக் கொடுத்த மென்பொருளைக் காணவில்லை. கடவுச்சொல் சரியாக இருந்தும் ஏற்கவில்லை. விளையாட்டில் சேமித்த நிலை காணாமல் போய்விட்டது. மூன்றாவது புகாரில் பொறுமை இழந்து, பலர் குழந்தையின் கணக்கையே நிர்வாகியாக மாற்றிவிடுகிறார்கள். அதற்கு அவசியமே இல்லை என்று காட்டத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு செய்தியை மட்டும் முதலில் மனத்தில் நிறுத்துங்கள். கீழே வரும் அறிகுறிகளில் பாதி அதிலிருந்தே விளங்கிவிடும். மகளின் கணக்கில் இருந்தபடி, அம்மாவின் நிர்வாகிக் கடவுச்சொல்லைக் கொடுத்து ஒரு நிரலை இயக்குகிறீர்கள். மகளின் கணக்குக்குச் சற்று நேரம் கூடுதல் அதிகாரம் கிடைத்ததாகத் தோன்றும். அப்படி நடப்பதில்லை. அந்த நிரல் அம்மாவின் பெயரில், அம்மாவின் கோப்புறைகளோடும் அமைப்புகளோடும் ஓடுகிறது. திரை மகளுடையது; ஓடும் நிரல் அம்மாவுடையது.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இந்தச் சாதாரணக் கணக்குக்கு 'லிமிடெட்' என்று பெயர். 2007இல் விஸ்டா வீடுகளுக்கு வந்தபோது பெயர் 'ஸ்டாண்டர்ட்' ஆனது. திரையை மங்கவைத்துக் கடவுச்சொல் கேட்கும் யூஏசி பெட்டியும் அப்போதுதான் வந்தது. இங்கே நான் சொல்பவை விண்டோஸ் 10, 11 இரண்டையும் நினைவில் வைத்தவை.

மென்பொருளை நிறுவினேன், ஆனால் மகளின் கணக்கில் தெரியவில்லை

அதிகம் கேட்கப்படும் புகார் இதுதான். நிறுவும்போது கடவுச்சொல் கேட்டது, கொடுத்தீர்கள், 'முடிந்தது' என்றும் வந்தது. ஸ்டார்ட் மெனுவில் தேடினால் ஒன்றும் இல்லை.

நிறுவும் நிரல்கள் இரண்டு வகை. ஒரு வகை, மென்பொருளை 'புரோகிராம் ஃபைல்ஸ்' கோப்புறையில் வைத்து எல்லாக் கணக்குகளுக்கும் பொதுவாக்கும். இன்னொரு வகை, 'எனக்கு மட்டும்' என்று, இயக்கியவரின் சொந்தக் கோப்புறைக்குள் 'ஆப்டேட்டா' என்ற மறைவான இடத்தில் வைக்கும். இரண்டாவது வகையை அம்மாவின் கடவுச்சொல் கொடுத்து இயக்கினால், அந்த 'எனக்கு' என்பது அம்மா. மென்பொருள் அம்மாவின் கோப்புறைக்குள் போய் உட்கார்ந்துவிடும். மகளின் கணக்கால் அந்த இடத்தைத் திறந்து பார்க்கக்கூட முடியாது.

சரிசெய்ய, முதலில் அம்மாவின் கணக்கில் நுழைந்து அந்த மென்பொருளை நீக்குங்கள். மறுபடி நிறுவும்போது 'எல்லாப் பயனர்களுக்கும்' என்ற தேர்வு இருக்கிறதா என்று ஒவ்வொரு திரையிலும் நின்று பாருங்கள். சில நிரல்களில் அது 'கஸ்டம்' அல்லது 'அட்வான்ஸ்ட்' என்ற பொத்தானுக்குள் ஒளிந்திருக்கும். அப்படி ஒரு தேர்வே இல்லாவிட்டால், மகளின் கணக்கில் கடவுச்சொல் கொடுக்காமலேயே நிறுவிப் பாருங்கள். கூகுள் குரோம் போன்றவை கடவுச்சொல் பெட்டியில் 'நோ' அழுத்தினால், நிர்வாகி அனுமதி இல்லாமலே அந்தக் கணக்குக்கு மட்டும் நிறுவ முன்வரும்.

மென்பொருள் 'புரோகிராம் ஃபைல்ஸ்' கோப்புறையில் ஒழுங்காக இருந்து, ஐகான் மட்டும் வரவில்லை என்றால் சிக்கல் சிறியது. ஷார்ட்கட்டை அம்மாவின் டெஸ்க்டாப்பில் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். சி டிரைவில் 'யூசர்ஸ்', அதற்குள் 'பப்ளிக்', அதற்குள் 'பப்ளிக் டெஸ்க்டாப்' என்ற கோப்புறை இருக்கிறது. அது மறைந்திருக்கும், எக்ஸ்புளோரரின் 'வியூ' மெனுவில் மறைந்தவற்றைக் காட்டச் சொல்லுங்கள். ஷார்ட்கட்டை அங்கே வைத்தால் எல்லோருடைய டெஸ்க்டாப்பிலும் தெரியும்.

அமைப்பை மாற்றினேன், மகளின் கணக்கில் எதுவும் மாறவில்லை

முந்தைய சிக்கலின் உடன்பிறப்பு இது. ஏதோ ஒரு நிரலை நிர்வாகியாக இயக்கி எழுத்துரு அளவையோ மொழியையோ மாற்றியிருப்பீர்கள். அடுத்த முறை மகள் திறந்தால் பழையபடி இருக்கிறது. மாறியது அம்மாவின் அமைப்பு. ஒருவருடைய சொந்த விருப்பங்களை மாற்ற அவருடைய கணக்கில் சாதாரணமாகத் திறந்தாலே போதும். நிர்வாகியாக இயக்கினால்தான் கெடும்.

விண்டோஸின் உள் அமைப்புகளைத் திருத்தும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் கைவைப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். நிர்வாகியாக இயக்கினால், 'கரன்ட் யூசர்' என்ற கிளை அம்மாவுடையதைக் காட்டும். மகளின் கணக்கில் ரெஜிஸ்ட்ரி எடிட்டரைச் சாதாரணமாகத் திறங்கள். கடவுச்சொல் கேட்காமலே திறக்கும், 'கரன்ட் யூசர்' கிளையும் மகளுடையதாகவே இருக்கும். கணினி முழுவதற்குமான கிளைகளை அப்படித் திறந்த நிலையில் மாற்ற முடியாது, மாற்றக்கூடாததும்தான்.

கடவுச்சொல் சரி, ஆனால் ஏற்கவில்லை

முதலில் விசைப்பலகை மொழியைப் பாருங்கள். தமிழ்99 அமைப்பில் விட்டுவிட்டு ஆங்கிலக் கடவுச்சொல்லைத் தட்டினால், புள்ளிகள் மட்டும் தெரியும் பெட்டியில் எந்த மொழி போகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. பெட்டியின் ஓரத்தில் உள்ள கண் குறியை அழுத்திப் பிடித்தால் தட்டியது தெரியும். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள். கேப்ஸ் லாக்கையும் ஒருமுறை கவனியுங்கள்.

அடுத்தது பின் எண். தினமும் நான்கு இலக்கப் பின் எண்ணால் நுழைந்து பழகியவர், கடவுச்சொல் பெட்டியிலும் அதையே தட்டுகிறார். பெட்டியில் 'மோர் சாய்சஸ்' என்று இருந்தால் அதை அழுத்தி, பின் எண்ணா கடவுச்சொல்லா என்று தேர்ந்தெடுங்கள்.

ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு வலது கிளிக் செய்தால் வரும் 'ரன் ஆஸ் டிஃபரன்ட் யூசர்' பெட்டியில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே பெயரையும் நீங்களே தட்ட வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் முழு மின்னஞ்சல் முகவரி. கணினியிலேயே உருவாக்கிய கணக்கு என்றால், முதன்முதலில் வைத்த பெயர். கன்ட்ரோல் பேனலில் பின்னர் பெயரை மாற்றியிருந்தாலும் அது திரையில் காட்டும் பெயர் மட்டுமே. உள்ளே பழைய பெயர்தான் இருக்கும். திரையில் தெரியும் பெயரை எத்தனை முறை தட்டினாலும் பலன் இல்லாததற்குக் காரணம் இது.

அதே பெட்டியில் 1327 என்ற பிழை வந்தால், நிர்வாகிக் கணக்குக்குக் கடவுச்சொல்லே வைக்கவில்லை என்று சந்தேகப்படுங்கள். கடவுச்சொல் இல்லாத கணக்கை இப்படிப் பயன்படுத்த விண்டோஸ் விடாது. இதற்கு மருந்து உடனே ஒரு கடவுச்சொல் வைப்பது. அது இல்லாதவரை, நுழைவுத் திரையில் அம்மாவின் பெயரை அழுத்தி யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். மற்ற எந்த ஏற்பாட்டுக்கும் பொருள் இல்லை. 1058 என்று வந்தால் 'செகண்டரி லாகான்' என்ற சேவையை யாரோ நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நிர்வாகிக் கணக்கில் 'சர்வீசஸ்' திறந்து, அதன் தொடக்க வகையை 'மேனுவல்' என்று மாற்றுங்கள்.

வேறு பயனராக இயக்கினேன், இருந்தும் அனுமதி இல்லை என்கிறது

'ரன் ஆஸ் டிஃபரன்ட் யூசர்' வேறு, 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' வேறு. முதலாவதில் அம்மாவின் பெயரைக் கொடுத்தால், நிரல் அம்மாவாக ஓடும். ஆனால் அம்மா சும்மா உட்கார்ந்து படம் பார்க்கும்போது உள்ள அளவு அதிகாரம்தான் அதற்கு இருக்கும். நிர்வாகிக் கணக்காக இருந்தாலும், யூஏசி பெட்டியில் சம்மதம் தரும்வரை விண்டோஸ் முழு அதிகாரத்தைத் தருவதில்லை. கணினியை மாற்றும் வேலைக்கு எப்போதும் இரண்டாவதையே தேர்ந்தெடுங்கள்.

கடவுச்சொல் பெட்டி வருகிறது, ஆனால் தட்ட இடமில்லை, 'யெஸ்' மங்கியிருக்கிறது

இது வந்தால் கொஞ்சம் கவலைப்படத்தான் வேண்டும். கணினியில் இயங்கும் நிலையில் ஒரு நிர்வாகிக் கணக்குகூட இல்லை என்பதே இதன் வழக்கமான பொருள். இருந்த ஒரே நிர்வாகியை யாரோ சாதாரணக் கணக்காக மாற்றிவிட்டார்கள், அல்லது முடக்கிவிட்டார்கள். விண்டோஸில் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்ற பெயரில் உள்ளமைந்த கணக்கு ஒன்று உண்டு. விஸ்டா முதல் அது முடக்கப்பட்டே வருகிறது, ஆகவே அது உடனே கைகொடுக்காது.

முதல் வேலை, ஒவ்வொருவரும் தம் கணக்கில் நுழைந்து தம் கோப்புகளை வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுப்பது. இதற்கு நிர்வாகி அனுமதி தேவையில்லை. அதை முடிக்காமல் எந்த மீட்பு முயற்சியிலும் இறங்காதீர்கள். அதன் பிறகு, நுழைவுத் திரையில் ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு 'ரீஸ்டார்ட்' அழுத்தினால் மீட்பு மெனு வரும். நகல் பத்திரமாக இருந்தால், விண்டோஸைப் புதிதாக நிறுவுவதுகூட ஒரு பிற்பகல் வேலைதான்.

இது வராமல் இருக்க, இரண்டு நிர்வாகிக் கணக்குகளை வைத்திருங்கள். ஒன்று நீங்கள் பயன்படுத்துவது. இன்னொன்று யாரும் தொடாதது. அதன் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள்.

பெட்டியே வரவில்லை, நேராக மறுக்கிறது

யாரோ யூஏசி அமைப்பில் கைவைத்திருக்கிறார்கள். விண்டோஸ் 7இல் அந்த நழுவுபட்டையை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டால், நிர்வாகிக்குத் தொல்லை நீங்கும். ஆனால் சாதாரணக் கணக்கின் கோரிக்கைகள் கேள்வியே இல்லாமல் நிராகரிக்கப்படும். அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வந்த பழைய கணினி என்றால், கோரிக்கைகளைத் தானாக மறுக்கும் கொள்கை அதில் அமைந்திருக்கலாம். நிர்வாகிக் கணக்கில் நுழைந்து யூஏசி பட்டையை மேலிருந்து இரண்டாம் நிலைக்குக் கொண்டுவாருங்கள். அதுதான் இயல்பு நிலை. அப்படியும் தீராத பழைய அலுவலகக் கணினியை முழுதாக அழித்து நிறுவுவதே மேல்.

டிவைஸ் மேனேஜர் திறக்கிறது, ஆனால் எதையும் மாற்ற முடியவில்லை

கணினியின் வன்பொருள்களைப் பட்டியலிடும் இந்தக் கருவியைச் சாதாரணக் கணக்கில் திறந்தால் அது 'பார்க்கலாம், மாற்ற முடியாது' என்று சொல்லிவிட்டே திறக்கும். கடவுச்சொல் கேட்பதும் இல்லை, அதனால் எங்கே கொடுப்பது என்று தெரியாமல் திகைக்கிறார்கள். ஸ்டார்ட் மெனுவில் 'கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்' என்று தேடி, கிடைப்பதில் வலது கிளிக் செய்து நிர்வாகியாக இயக்குங்கள். டிவைஸ் மேனேஜர், டிஸ்க் மேனேஜ்மென்ட், டாஸ்க் ஷெட்யூலர் எல்லாம் அந்த ஒரே சாளரத்துக்குள் இருக்கின்றன. ஒரு முறை கடவுச்சொல், பல வேலைகள்.

நிர்வாகியாக இயக்கிய நிரலில் என் கோப்புகளைக் காணவில்லை

'ஓபன்' பெட்டி அம்மாவின் 'டாக்குமென்ட்ஸ்' கோப்புறையைக் காட்டுகிறது. மகள் இணைத்து வைத்த நெட்வொர்க் டிரைவ் அதில் இல்லை. எக்ஸ்புளோரரிலிருந்து கோப்பை இழுத்துப் போட்டாலும் விழுவதில்லை. முதல் இரண்டுக்கும் காரணம் மேலே சொன்னதே; மூன்றாவது, சாதாரண அதிகாரத்தில் ஓடும் நிரலிலிருந்து நிர்வாகி அதிகாரத்தில் ஓடும் நிரலுக்குள் இழுத்துப் போட விண்டோஸ் விடாததால். தேவையான கோப்பை முதலில் 'பப்ளிக்' கோப்புறைக்குள் நகலெடுத்துவிட்டு, அங்கிருந்து திறங்கள்.

பழைய விளையாட்டு ஒவ்வொரு முறையும் நிர்வாகி அனுமதி கேட்கிறது, சேமித்தது மாயமாகிறது

இதில் சற்று நேரம் செலவிடுவது தகும், ஏனென்றால் குழந்தைகளின் கணக்கு நிர்வாகியாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

விஸ்டாவுக்கு முன் எழுதிய பல நிரல்கள், தாம் நிறுவப்பட்ட கோப்புறைக்குள்ளேயே சேமிப்புக் கோப்புகளை எழுதும். 'புரோகிராம் ஃபைல்ஸ்' இடத்தில் எழுத சாதாரணக் கணக்குக்கு உரிமை இல்லை. பழைய 32 பிட் நிரல் திணறாமல் இருக்க விண்டோஸ் ஓர் உபாயம் செய்கிறது: எழுதியதை அந்தப் பயனரின் 'ஆப்டேட்டா', 'லோக்கல்', 'விர்ச்சுவல்ஸ்டோர்' என்ற வழியில் உள்ள கோப்புறைக்குத் திருப்பிவிடுகிறது. நிரலோ உரிய இடத்தில் எழுதியதாகவே நம்புகிறது. அதே விளையாட்டை ஒருநாள் நிர்வாகியாக இயக்கினால் இந்தத் திருப்பம் நடக்காது. நிரல் உண்மையான கோப்புறையைப் பார்க்கும், அங்கே எதுவும் இருக்காது. பத்து நாள் ஆடிய நிலை போய்விட்டது என்று குழந்தை அழும். போகவில்லை. விர்ச்சுவல்ஸ்டோரைத் திறந்து பாருங்கள், அங்கே பத்திரமாக இருக்கும்.

நிரந்தரத் தீர்வு, விளையாட்டை நீக்கிவிட்டு 'புரோகிராம் ஃபைல்ஸ்' அல்லாத ஓர் இடத்தில், மகளின் சொந்தக் கோப்புறைக்குள்ளேயே, நிறுவுவது. அது முடியாவிட்டால், அந்த விளையாட்டின் கோப்புறைக்கு மட்டும் எழுதும் உரிமை கொடுங்கள்: நிர்வாகிக் கணக்கில் கோப்புறையின் 'பிராப்பர்ட்டீஸ்', 'செக்யூரிட்டி', 'எடிட்' என்று போய், 'யூசர்ஸ்' வரியைத் தேர்ந்தெடுத்து 'மாடிஃபை' கட்டத்தில் டிக் செய்யுங்கள். ஒன்றை மறக்கவே கூடாது. உரிமை கொடுத்த பிறகு அந்தக் கோப்புறையில் உள்ள நிரலை ஒருபோதும் நிர்வாகியாக இயக்காதீர்கள். மகளின் கணக்கில் நுழைந்த தீங்குநிரல் ஒன்று அந்த விளையாட்டுக் கோப்பையே மாற்றி வைத்திருக்க முடியும். நீங்கள் கடவுச்சொல் கொடுக்கும் கணத்துக்காக அது காத்திருக்கும்.

'இந்தக் கோப்புறைக்கு அனுமதி இல்லை, தொடர அழுத்தவும்' என்கிறது

இங்கே நில்லுங்கள். மகளின் கணக்கிலிருந்து அம்மாவின் கோப்புறையைத் திறக்கப் போனால் இந்தப் பெட்டி வரும். 'கன்டினியூ' அழுத்திக் கடவுச்சொல் கொடுத்தால், இந்த ஒருமுறை மட்டும் திறக்கும் என்றே எல்லோரும் நினைக்கிறோம். பெட்டியில் 'நிரந்தரமாக' என்று பொருள்படும் சொல் இருக்கிறது, அது மெய். மகளின் கணக்குப் பெயர் கோப்புறையின் அனுமதிப் பட்டியலில் எழுதப்பட்டுவிடும், பிறகு கடவுச்சொல் தேவைப்படாது. ஒரு படத்தை எடுத்துத் தருவதற்காக நானும் இதை ஒருமுறை செய்து, மாதங்கள் கழித்தே கவனித்தேன்.

ஏற்கெனவே செய்திருந்தால், அம்மாவின் கணக்கில் அந்தக் கோப்புறையின் 'செக்யூரிட்டி' பக்கத்தைத் திறந்து மகளின் பெயரை மட்டும் நீக்குங்கள். கோப்பைப் பகிர 'பப்ளிக்' கோப்புறை இருக்கிறது.

பிரிண்டர், கடிகாரம், வைஃபை

புதிய பிரிண்டருக்கு டிரைவர், அதாவது அதை இயக்கும் மென்பொருள், நிறுவ நிர்வாகி வேண்டும். 2021 ஆகஸ்ட் புதுப்பிப்புக்குப் பிறகு, வேறொரு கணினி வழியாகப் பகிரப்பட்ட பிரிண்டரின் டிரைவருக்கும் அது கட்டாயம். முன்பு தானாக நிறுவியது இப்போது கடவுச்சொல் கேட்டால் பிழை என்று எண்ண வேண்டாம். கடிகார நேரத்தை மாற்ற நிர்வாகி வேண்டும், நேர மண்டலத்தை மாற்ற வேண்டாம். வைஃபையில் இணைவது, ஸ்டோர் செயலிகளை நிறுவுவது, விண்டோஸ் புதுப்பிப்பைத் தேடி நிறுவுவது எதற்கும் பொதுவாகக் கடவுச்சொல் வேண்டாம்.

அடிக்கடி தேவைப்படுகிறது, கடவுச்சொல்லைச் சேமித்துவைத்தால் என்ன

கட்டளைச் சாளரத்தின் 'ரன்ஆஸ்' கட்டளையில் அப்படி ஒரு வசதி உண்டு. வேண்டாம். ஒரு விளையாட்டுக்காகச் சேமித்த கடவுச்சொல்லை, மகளின் கணக்கில் ஓடும் எந்த நிரலும் எந்த வேலைக்கும் பயன்படுத்திக்கொள்ள முடியும். ஒரே மாலையில் ஐந்தாறு நிர்வாகி வேலைகள் இருந்தால், விண்டோஸ் விசையோடு 'எல்' எழுத்தை அழுத்தி அம்மாவின் கணக்குக்கு மாறி, எல்லாவற்றையும் அங்கேயே முடியுங்கள். மகள் திறந்து வைத்தவை அப்படியே இருக்கும்.

யாரும் எதையும் தொடவில்லை, கடவுச்சொல் பெட்டி தானாக வருகிறது

'நோ' அழுத்துவதற்கு முன் ஒரு நிமிடம் படியுங்கள். மேல்பட்டை நீலமாக இருந்து, தயாரித்த நிறுவனத்தின் பெயர் உறுதிசெய்யப்பட்டதாக இருந்தால், ஏதோ ஒரு மென்பொருளின் புதுப்பிப்பாக இருக்கக்கூடும். மஞ்சளாக இருந்தால் தயாரித்தவர் யார் என்று விண்டோஸுக்கே தெரியாது. 'ஷோ மோர் டீட்டெயில்ஸ்' அழுத்தினால் அந்த நிரல் எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்று தெரியும். அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, நீலமோ மஞ்சளோ, 'நோ' அழுத்துங்கள். உண்மையான புதுப்பிப்பாக இருந்தால், அம்மாவின் கணக்கில் அந்த மென்பொருளைத் திறந்து நீங்களே புதுப்பிக்கலாம்.

குறித்த இடம் 'டவுன்லோட்ஸ்' அல்லது 'டெம்ப்' கோப்புறையாக இருந்து, மகளும் அதை அறிந்து இறக்கவில்லை என்றால், டாஸ்க் மேனேஜரின் 'ஸ்டார்ட்அப்' பக்கத்தில் அதை முடக்குங்கள். பிறகு நிர்வாகிக் கணக்கில் நுழைந்து 'விண்டோஸ் செக்யூரிட்டி' வழியாக முழுச் சோதனை ஓட்டுங்கள். சோதனை முடியும்வரை மகளின் கணக்கில் யாரும் எந்தக் கடவுச்சொல்லையும் தட்ட வேண்டாம்.